அஜ்வா, தல்பீனா, இப்னு நஃபீஸ்: இதய நோயாளியை மார்க்கம் எங்கே அனுப்புகிறது?

கடற்கரைத் தெரு (இழையைத் தொடங்கியவர்)

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று. உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அஜ்வா பேரீச்சங்கொட்டைத் தூள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஸஅத் (ரலி) அவர்களுக்கு மாரடைப்பு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் கொடுத்த மருந்து இதுதான், ஏழு பழத்தில் தீர்ந்த நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை எதற்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து வாப்பா மாத்திரைப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துவிட்டதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறார்.

"மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம். அதை வீட்டில் எல்லோரும் சொல்லியாயிற்று. வாப்பா மார்க்க ஆதாரம் கேட்கிறார். அந்த ஹதீஸ் (நபிமொழி) உண்மையில் என்ன சொல்கிறது? அந்தக் காலத்து முஸ்லிம் மருத்துவர்கள் இதயத்தைப் பற்றி என்ன எழுதினார்கள்?

---

ஏடும் எழுத்தும்

வ அலைக்குமுஸ்ஸலாம். வாப்பாவுக்கு அல்லாஹ் பூரண சுகம் தருவானாக.

மாமா சொல்வது அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் 3875ஆவது எண்ணில் வருகிறது. ஸஅத் (ரலி) நோயுற்றிருக்கிறார். நபி (ஸல்) பார்க்க வருகிறார்கள். நெஞ்சின் நடுவில் கை வைக்கிறார்கள். அந்தக் கையின் குளிர்ச்சியை உள்ளுக்குள் உணர்ந்ததாக ஸஅத் சொல்கிறார். "உமக்கு நெஞ்சில் நோய். ஸகீஃப் கூட்டத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லும். அவர் மருத்துவம் செய்பவர். மதீனாவின் அஜ்வாவில் ஏழை எடுத்துக் கொட்டையோடு இடித்து அவர் உமக்குக் கொடுக்கட்டும்" என்பது அதன் கருத்து.

இரண்டு செய்திகளை வாப்பாவிடம் சொல்லுங்கள். முதலாவது, இதன் அறிவிப்பாளர் தொடரில் முஜாஹித் இருக்கிறார். அவர் ஸஅதிடம் நேரடியாகக் கேட்டதில்லை என்பதால் ஹதீஸ்கலை அறிஞர்கள் சிலர் இதைப் பலவீனமானது என்கிறார்கள். இரண்டாவது, பலவீனத்தை ஒதுக்கிவிட்டு அப்படியே ஏற்றாலும், மாமா பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். "ஹாரிஸிடம் செல்லும்" என்ற பாதியை அவர் விழுங்கிவிட்டார். ஹாரிஸ் தாயிஃப் நகரத்தவர், அரபு நாட்டில் அன்று பேர்பெற்ற மருத்துவர். நெஞ்சில் கை வைத்த நபி அவர்களே தோழரை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். கொட்டையை இடிக்கிற கையும் மருத்துவருடைய கைதான்.

"மாரடைப்பு" என்பது இந்தக் காலத்து வியாக்கியானம். நெஞ்சில் நோவு என்றுதான் இருக்கிறது; அது இரைப்பைக் கோளாறாகவும் இருக்கலாம். ஸஅத் அதற்குப் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தார், காதிஸிய்யாப் போருக்குத் தலைமை தாங்கினார்.

---

கருஞ்சீரகம்

எந்த ஹதீஸை எடுத்தாலும் உடனே "பலவீனம்" என்று ஒரு முத்திரை குத்திவிடுகிறீர்கள். காலையில் ஏழு அஜ்வா சாப்பிட்டவருக்கு அன்று விஷமும் சூனியமும் தீங்கு செய்யாது என்பது புகாரி ஹதீஸ் தொகுப்பில் 5445. அதையும் தள்ளிவிடுவீர்களா? "உடலில் ஒரு சதைத்துண்டு இருக்கிறது, அது சீரானால் உடல் முழுதும் சீராகும், அது கெட்டால் உடல் முழுதும் கெடும், அதுதான் இதயம்" என்று 1400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. இன்றைய இதய மருத்துவம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். ஆங்கில மருந்து வியாபாரிகளுக்கு வக்காலத்து வாங்குவதை நிறுத்துங்கள்.

---

மருந்துச்சீட்டு

ஹதீஸ் விவாதத்தை அறிந்தவர்கள் தொடரட்டும். நான் மருந்தாளுநர், என் துறைக்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது காத்திருக்காது.

ஸ்டென்ட் என்பது கம்பி வலைக் குழல். அதை வைத்த புதிதில் உலோகம் இரத்தத்துக்கு நேராக வெளிப்பட்டுக் கிடக்கும். அதன்மேல் குழாயின் உட்தோல் வளர்ந்து மூடும்வரை இரத்தத் தட்டணுக்கள் அங்கே கூடி உறைவதற்கு வாய்ப்பு அதிகம். ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி உறைந்து பெரிய மாரடைப்பாக முடியலாம். எத்தனை மாதம், எப்போது இரண்டில் ஒன்றைக் குறைப்பது என்பதை ஸ்டென்ட் வைத்தவரே முடிவு செய்ய வேண்டும்.

பேரீச்சம்பழம் தின்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வாப்பாவுக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் ஏழு பழம் என்பது சின்னக் கணக்கு இல்லை, அவ்வளவுதான். கொட்டைத் தூளைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறைப்பதால் வருகிற சிக்கல்களை நான் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

ஏடும் எழுத்தும்

கருஞ்சீரகம் அவர்களுக்கு: புகாரியின் ஹதீஸை நான் தள்ளவில்லை. அதில் இதய நோய் என்று எங்கே இருக்கிறது? விஷம், சூனியம் என்றுதான் இருக்கிறது. நபிவழி மருத்துவம் பற்றி எழுதியவர்களில் முதலில் நினைவுக்கு வருகிற இப்னுல் கய்யிம் (1292–1350) இதை விளக்கும்போது, மதீனாவாசிகளையும் அவர்களைப்போல் பேரீச்சையே உணவாகக் கொண்டவர்களையும் குறித்த பேச்சு இது என்று எல்லை கட்டுகிறார். மற்ற நாட்டாருக்குக் கோதுமை எப்படியோ அப்படி அவர்களுக்குப் பேரீச்சை என்பது அவருடைய காரணம். சோறு தின்று வளர்ந்த உடம்புக்கு அதை நீட்டியவர் அவர் இல்லை, நாம்தான்.

சதைத்துண்டு ஹதீஸின் தொடக்கத்தையும் சேர்த்து வாசியுங்கள். "ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே ஐயத்துக்குரியவை இருக்கின்றன" என்று தொடங்கி, வேலியோரம் ஆடு மேய்ப்பவனின் உவமையைச் சொல்லிவிட்டு அங்கே வந்து சேர்கிறது. பேச்சு பேணுதலைப் பற்றியது. இமாம் கஸ்ஸாலி இஹ்யா என்ற தன் நூலில் இதயத்தைப் பற்றித் தனிப் பகுதியே எழுதினார். நெஞ்சின் இடப்பக்கத்தில் கூம்பு வடிவில் இருக்கும் சதை மிருகத்துக்கும் உண்டு, செத்தவனுக்கும் உண்டு. அதன் அமைப்பை ஆராய்வது மருத்துவர்களின் வேலை, என் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டு, இறைவனை அறிகிற இதயத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார். மார்க்க அறிஞர் ஒருவர் சதையை மருத்துவரிடம் ஒப்படைத்து 900 ஆண்டுகளாகிவிட்டன. நாம் இன்னும் பிடிவாதமாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

---

கெய்ரோ வாசகி

அந்த மருத்துவர்கள் சதையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? இது எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

13ஆம் நூற்றாண்டு மருத்துவர் இப்னு நஃபீஸ் திமிஷ்கில் (டமாஸ்கஸில்) படித்தவர். அங்கே நூருத்தீன் ஸன்கி 12ஆம் நூற்றாண்டில் கட்டிய நூரி மருத்துவமனையில்தான் பயிற்சி. பிறகு கெய்ரோவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஷாஃபிஈ மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பள்ளியின்) அறிஞர், மதரஸாவில் பாடம் நடத்தியவர் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வாப்பாவுக்கு அது முக்கியமாகப் படும்.

அன்றைக்கு மருத்துவ உலகத்தின் கடைசி வார்த்தை இரண்டு பேருடையது. ஒருவர் கிரேக்கர் ஜாலினூஸ் (கேலன்), மற்றவர் இப்னு ஸீனா (அவிசென்னா). இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவே உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக இரத்தம் வலமிருந்து இடம் கசிகிறது என்பது ஜாலினூஸின் கூற்று. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அதை யாரும் அசைக்கவில்லை. இப்னு நஃபீஸ் 1242இல், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், இப்னு ஸீனாவின் கானூன் என்ற மருத்துவ நூலில் வரும் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதுகிறார். உரையாசிரியர் என்றால் ஆமாம் போடுபவர் என்றுதானே நினைப்போம்? இவர் நேராகச் சொல்கிறார்: அந்தச் சுவர் தடித்தது, அதில் தெரிகிற துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. வலது அறையிலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, பிறகுதான் இடது அறைக்கு வர வேண்டும். வேறு வழி இல்லை.

அதோடு விடவில்லை. இதயத்துக்கு மூன்று கீழறை என்று இப்னு ஸீனா சொன்னதை மறுத்து, இரண்டுதான் என்கிறார். வலது அறைக்குள் இருக்கும் இரத்தமே இதயத்துக்கு உணவாகிறது என்ற கருத்தையும் மறுக்கிறார். இதயத்தின் சதைக்குள்ளேயே பரவி ஓடுகிற குழாய்கள்தாம் அதற்கு உணவு கொடுக்கின்றன என்கிறார். உங்கள் வாப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த குழாய்கள் அவையே! அறை நிறைய இரத்தம் இருந்தும் இதயம் பட்டினி கிடக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பத்தி போதும்.

முதுமையில் கடும் நோயில் கிடந்தபோது, உடன் இருந்த மருத்துவர்கள் மருந்தாகக் கொஞ்சம் மது அருந்தச் சொன்னார்கள். வயிற்றில் மதுவோடு இறைவனைச் சந்திக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். 1288 டிசம்பரில் இறந்தார். வீட்டையும் நூலகத்தையும், கெய்ரோவில் புதிதாகத் திறந்திருந்த மன்ஸூரி மருத்துவமனைக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த மருத்துவமனைக்கும் ஒரு கதை உண்டு. சுல்தான் கலாவூன் பதவிக்கு வருமுன் திமிஷ்கில் நோயுற்று, நூரி மருத்துவமனையின் மருந்தில் குணமாகி, ஆட்சி கிடைத்தால் இதுபோல் ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டாராம். 1284இல் கட்டினார். வக்ஃப் (அறக்கொடை) சொத்தின் வருமானத்தில் நடந்தது. ஏழை பணக்காரன் என்று பார்க்காமல் மருத்துவம் கொடுத்தது.

இறைவனுக்கு அஞ்சி மதுவைத் தொடாத மனிதர், ஜாலினூஸையும் இப்னு ஸீனாவையும் மறுக்க அஞ்சவில்லை. மாமாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

---

அளவுகோல்

கெய்ரோ வாசகியின் உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் இது "இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வியை முந்திய முஸ்லிம்" என்று நாளைக்கே ஒரு படத்தோடு சுற்றத் தொடங்கும் என்பதால் எழுதுகிறேன். இப்னு நஃபீஸ் சொன்னது நுரையீரல் வழியாகப் போகிற சுற்று மட்டும். உடல் முழுவதும் இரத்தம் சுற்றித் திரும்புகிறது என்று அவர் சொல்லவில்லை. இரத்தம் கல்லீரலில் உண்டாகி உறுப்புகளில் செலவாகிவிடுகிறது என்ற பழைய நம்பிக்கையில்தான் அவரும் இருந்தார். 1628இல் ஹார்வி ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்று கணக்குப் போட்டு, இவ்வளவு இரத்தத்தை உணவிலிருந்து உடல் ஓயாமல் புதிதாக உண்டாக்க முடியாது, அதே இரத்தம்தான் திரும்பி வர வேண்டும் என்று காட்டினார்.

இன்னொன்று, அவர் உடலை அறுத்துப் பார்த்தாரா? ஷரீஅத்தும் தன் இயல்பான இரக்கமும் தடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

---

கெய்ரோ வாசகி

முழுச் சுற்று என்று நானும் சொல்லவில்லையே! அறுவையைப் பொறுத்தவரை, ஷரீஅத் தடுக்கிறது என்று எழுதிய அதே மனிதர், ஜாலினூஸின் கூற்றை அறுத்துப் பார்த்தல் பொய்யாக்குகிறது என்றும் எழுதுகிறார். மிருகங்களை அறுத்துப் பார்த்தாரா, வெறும் தர்க்கத்தால் வந்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. அந்த உரையில் இருந்த செய்தி நம்மிடையே பெரும்பாலும் உறங்கிப்போனது. முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர் ஜெர்மனிக்குப் படிக்கப் போன இடத்தில், 1924இல் பெர்லின் நூலகத்தின் கைப்பிரதியைப் பார்த்துத் தன் ஆய்வேட்டில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஐரோப்பாவில் செர்வெட்டஸ் 1553இலும் கொலம்போ 1559இலும் அதே நுரையீரல் வழியை அச்சில் எழுதிவிட்டார்கள். பெருமைப் படம் சுற்றுபவர்கள் அந்த ஆறு நூற்றாண்டு உறக்கத்தையும் சேர்த்துச் சுற்றட்டும்.

---

நாடிக்காரி

யூனானி படித்தவள் என்ற முறையில் இப்னு ஸீனாவுக்காகப் பேச ஒருவராவது வேண்டாமா?

இதய மருந்துகளுக்கென்றே அவர் தனி நூல் எழுதினார், அல் அத்வியத்துல் கல்பிய்யா. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனுக்கும் போனது. அதைத் திறந்தால் மருந்துப் பட்டியல் முதலில் வராது. மகிழ்ச்சி எதனால் வருகிறது, துக்கம் எதனால் வருகிறது என்று தொடங்குகிறார். இதயத்தில் உண்டாகிற ரூஹ் (உயிராவி) தெளிவாகவும் போதுமான அளவிலும் இருந்தால் சிறு காரணத்துக்கும் மனம் மலரும், கலங்கிக் குறைந்தால் சிறு காரணத்துக்கும் துவளும் என்பது அவர் கோட்பாடு. மருந்துகள் பிறகு வருகின்றன: குங்குமப்பூ, கஸ்தூரி, அம்பர், பட்டுக்கூடு, முத்து. இன்றும் யூனானிக் கடையில் கிடைக்கும் கமீரா அப்ரேஷம் பட்டுக்கூட்டில் செய்வது, வழி அங்கிருந்துதான்.

நாடியில் அவர் கை தனி. அளவு, வேகம், வன்மை, சீர் என்று பத்து வகையில் நாடியைப் பிரித்துப் பார்க்கச் சொல்வார். பாரசீகத்தின் குர்கான் நகரில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். ஆட்சியாளரின் உறவுக்கார இளைஞன் காரணம் தெரியாத நோயில் படுத்திருக்கிறான். இப்னு ஸீனா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஊரை நன்கறிந்த ஒருவரை அழைத்து ஊரின் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறார். ஒரு பெயர் வரும்போது நாடி துள்ளுகிறது. அந்தப் பகுதியின் தெருக்களைச் சொல்லச் சொல்கிறார், மறுபடி ஒரு துள்ளல். பிறகு வீடுகள், பிறகு அந்த வீட்டில் இருப்பவர்களின் பெயர்கள். நோய் காதல், மருந்து நிக்காஹ். கதை நடந்ததோ இல்லையோ, இந்த முறையை அவரே கானூனில் எழுதிவைத்திருக்கிறார்.

இவ்வளவும் சொன்னவள் இதையும் சொல்கிறேன்: அடைபட்ட குழாயைக் கமீரா திறக்காது. அந்த நூலில் வருகிற ஸர்னப் என்ற மூலிகையை யூ மரம் என்று சிலர் அடையாளம் காண்கிறார்கள். இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய நச்சு மரம் அது. பழைய நூலைப் பார்த்துத் தானே மருந்து செய்துகொள்ள நினைப்பவர்கள் அந்த ஒரு பெயரிலேயே நின்றுவிடலாம். என்னிடம் வருகிற இதய நோயாளிகளிடம் நான் முதலில் கேட்பது, ஏற்கெனவே என்ன மாத்திரை ஓடுகிறது என்பதைத்தான்.

---

கருஞ்சீரகம்

எல்லாம் சரி. கடைசியில் நபிவழி மருத்துவத்தை அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்கிறீர்கள், அப்படித்தானே?

---

ஏடும் எழுத்தும்

இல்லை. இந்தக் கேள்வியையும் நம் முன்னோர் கேட்டுவிட்டார்கள். வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் (1332–1406) முகத்திமா என்ற தன் நூலில் எழுதுகிறார்: ஹதீஸ்களில் வரும் மருத்துவம் அரபுகளின் வழக்கத்திலிருந்த அனுபவ மருத்துவம், அது வஹீயின் (இறைச்செய்தியின்) பகுதி அன்று, நபி அனுப்பப்பட்டது மார்க்கத்தைக் கற்றுத்தர, மருத்துவத்தைக் கற்றுத்தர அன்று. நபியின் கருத்தைக் கேட்டு மதீனாவாசிகள் பேரீச்சை மகரந்தச் சேர்க்கையை விட்டுவிட, விளைச்சல் குறைந்த நிகழ்ச்சியை அவரே ஆதாரம் காட்டுகிறார். "உங்கள் உலக விவகாரங்களை நீங்களே நன்கறிவீர்கள்" என்று நபி (ஸல்) அப்போது சொன்னது முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆனாலும் பரக்கத்தை நாடி, உண்மையான ஈமானோடு பயன்படுத்துகிறவருக்குப் பெரும் பலன் உண்டு என்றும் அவரே சேர்த்துச் சொல்கிறார். இப்னுல் கய்யிம் இதைவிட அதிகம் கோருவார். எனக்கு இப்னு கல்தூன் பக்கம் சாய்வு, மறைக்கவில்லை. இருவரில் யாரைப் பின்பற்றினாலும் மாத்திரையை நிறுத்துவதற்கு வழி கிடைக்காது. "மருத்துவம் செய்துகொள்ளுங்கள்" என்ற ஹதீஸை இப்னுல் கய்யிம் எடுத்துவைத்து, காரணங்களைத் தேடுவது தவக்குலுக்கு (இறைவன்மீது பொறுப்பை ஒப்படைப்பதற்கு) முரணாகாது, பசிக்குச் சாப்பிடுவது முரணாகாததுபோல, என்று விரிவாக வாதிடுகிறார்.

மாமாவுக்காக இன்னொன்று, இதுவும் அபூதாவூதில்: மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளைவுக்கு அவரே பொறுப்பாளி. கொட்டைத் தூள் பொட்டலத்தின் மேல் இதை எழுதி ஒட்டலாம்.

---

கடற்கரைத் தெரு

ஜஸாக்கல்லாஹு கைரன், எல்லோருக்கும். ஹாரிஸ் இப்னு கலதா செய்தியை வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ அந்த மருத்துவர் முஸ்லிமா?" என்று கேட்டார். மாத்திரை பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரவு போட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு கேள்விகள். ரமளான் நோன்பு? அப்புறம், தல்பீனா என்கிறார்களே, அதாவது கொடுக்கலாமா?

---

ஏடும் எழுத்தும்

ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனாலேயே, முஸ்லிமல்லாத மருத்துவரிடமும் போகலாம் என்பதற்கு இந்த நிகழ்ச்சியை ஆதாரமாகக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். வாப்பா சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறார்.

நோன்பு: அல்பகறா 184, 185. நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம். நாட்பட்ட நோயால் இனி முடியவே முடியாது என்றால் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு. சலுகை கொடுத்தவன் அல்லாஹ். அதை எடுத்துக்கொள்ள வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

---

மருந்துச்சீட்டு

ஸ்டென்ட் வைத்துச் சில மாதம்கூட ஆகாதவர், இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குபவர், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் ஆகியோர் நோன்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. நிலை சீரான நோயாளிகள் பலர் மருத்துவரின் அனுமதியோடு நோற்கிறார்கள். மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றியமைக்க முடியும். ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே போய்க் கேளுங்கள், பிறை பார்த்த இரவில் கடைக்குத் தொலைபேசி செய்யாதீர்கள். இஃப்தாரில் வடையும் சமோசாவும் கட்டுக்கடங்காமல் உள்ளே போவதைப் பற்றியும் யாராவது ஒரு ஹதீஸ் போடுங்களேன்.

---

நாடிக்காரி

போட்டுவிட்டேன்: மனிதன் நிரப்புகிற பாத்திரங்களில் வயிற்றைவிட மோசமானது இல்லை, நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு. திர்மிதி.

தல்பீனா தாராளமாகக் கொடுங்கள். வாற்கோதுமையைத் தவிட்டோடு அரைத்த மாவில் பால்போல் தளர்வாகக் காய்ச்சும் கஞ்சி அது. இறப்பு வீட்டில் கூட்டம் கலைந்து குடும்பத்தார் மட்டும் மீந்ததும் ஆயிஷா (ரலி) அதைக் காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு ஆறுதல், துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபி (ஸல்) சொல்லக் கேட்டதாக அறிவிக்கிறார்கள் (புகாரி 5417). அங்கே சொன்னது துக்கத்துக்கு. கொழுப்புக் கணக்கு தனியாக இந்தக் காலத்தில் வந்தது: வாற்கோதுமையில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது, நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் அது கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் அதைப் பொட்டலத்தில் அச்சிட அனுமதித்தது. இது மாத்திரைக்குத் துணை, மாற்று இல்லை.

இரண்டு மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் கால் மணி நேரம் கிளறுங்கள். அடுப்பை விட்டு நகர்ந்தால் அடிப்பிடிக்கும். இறக்கும்போது கொஞ்சம் பால். சர்க்கரை நோய் இருந்தால் தேனை விட்டுவிடுங்கள்.

---

கடற்கரைத் தெரு

இங்கே கடையில் தீட்டிய வெள்ளைப் பார்லிதான் கிடைக்கிறது. தவிடு போனது பயன்படுமா?

---

நாடிக்காரி

பயன்படும். அந்த நார் தவிட்டில் மட்டும் இல்லை, மணி முழுவதும் பரவியிருக்கிறது. வறுக்காமல் கழுவி, நிழலில் உலர்த்தி, மாவு மில்லில் கொஞ்சம் கரகரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். கோதுமை அரைத்த கையோடு போட்டால் கலந்துவிடும், காலையில் முதல் ஆளாகப் போங்கள்.